வீட்டின் மேல் ஒரு கோபுரம்

வானொலி என்றதும் நம் நினைவில் வருவது மேசைமேல் இருக்கும் பெட்டிதான். அதன் விளக்குகளையும் திருகுகளையும் வியந்து பார்க்கிறோம். அந்தப் பெட்டிக்குச் செவியும் வாயுமாக இருப்பது, கூரைக்கு மேல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் கம்பமும் அதில் கட்டிய ஏரியலுமே என்பதை எண்ணுவோர் சிலரே. வேரை மறந்து பூவைப் புகழ்வது மனித இயல்பு போலும்!

அமெச்சூர் வானொலி, அல்லது 'ஹாம்' வானொலி என்பது யாது? மைய அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமமும் அழைப்புக் குறியும் பெற்ற தனி மனிதர்கள், தம் வீட்டிலிருந்தே உலகெங்கும் உள்ள தம்மையொத்தவர்களுடன் பேசும் கலை அது. இதில் வணிகம் இல்லை, விளம்பரம் இல்லை, ஊதியமும் இல்லை. நம் நாட்டின் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் இவ்வுரிமம் பெற்றவரே. இக்கலையில் இறங்குவோரின் முதல் ஆசை, தம் வீட்டின் மேல் உயர்ந்த கோபுரம் ஒன்றை நிறுத்திவிட வேண்டும் என்பதே. அந்த ஆசையைப் பற்றியே என் கருத்தை இங்கே கூற விழைகிறேன்.

கோபுரம் நிறுத்துவது ஒரு நாள் வேலை. அதை நிலைக்கச் செய்வது ஆண்டுக்கணக்கான வேலை. ஆகவே கோபுரத்தின் உயரத்தை ஆசை முடிவு செய்யக்கூடாது. நம்மால் இயன்ற பராமரிப்பே முடிவு செய்யவேண்டும். இதுவே என் கட்சி.

வரலாறு சொல்லும் பாடம்

அட்லாண்டிக் கடலைக் கடந்து வானொலிக் குறி அனுப்ப முனைந்த மார்க்கோனி, இங்கிலாந்தின் போல்டு என்னும் கடற்கரை ஊரில், 200 அடி உயரமுள்ள 20 கம்பங்களை வட்டமாக நிறுத்தினார். 1901 செப்டம்பரில் வீசிய புயலில் அத்தனையும் சாய்ந்தன. அவர் சோர்ந்துவிடவில்லை. இரண்டே கம்பங்களுக்கு இடையே விசிறிபோல் கம்பிகளைக் கட்டச் செய்தார். மறுகரையில், நியூபவுண்ட்லாந்தில், காற்றாடி ஒன்றைப் பறக்கவிட்டு அதில் கட்டிய கம்பியையே ஏரியலாகக் கொண்டார். 1901 டிசம்பர் 12-ஆம் நாள் குறியைக் கேட்டதாக அறிவித்தார். மாபெரும் கம்ப வட்டம் செய்யாத வேலையை, நிமிர்ந்து நின்ற இரண்டு கம்பங்கள் செய்தன! விழுந்த கோபுரத்தைவிட நிற்கும் கம்பம் மேல் என்ற பாடத்தை வானொலி தன் தொட்டில் பருவத்திலேயே கற்றுக்கொண்டது.

உயரம் எதற்கு? எவ்வளவு?

உயரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்குப் பார்த்து வேண்டுவோம் என்கிறேன்.

144 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால், வானொலி அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். 9 மீட்டர் உயரத்துக்கு 12 கிலோமீட்டர். 36 மீட்டராக உயர்த்தினால்? 25 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உயரம் நான்கு மடங்கானாலும் தொலைவு இரண்டு மடங்குதான். செலவும் ஆபத்துமோ நான்கு மடங்கோடு நிற்பதில்லை.

வெளிநாடுகளுடன் பேச உதவும் 14 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 20 மீட்டர். அதில் பாதியளவான 10 மீட்டர் உயரத்தில் ஒரு சாதாரணக் கம்பி ஏரியலைக் கட்டினால், அலை தரையிலிருந்து சுமார் 30 பாகைக் கோணத்தில் வலிமையாகக் கிளம்பும். உயரம் கூடக்கூட அந்தக் கோணம் தாழ்ந்து, அலை இன்னும் தொலைவில் சென்று இறங்கும். இங்கே உயரத்துக்கு மதிப்பு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்குப் பகலில் 7 மெகாஹெர்ட்ஸில் பேச வேண்டுமானால் நிலைமையே வேறு. 20 மீட்டர் நீளக் கம்பியை 8 மீட்டர் உயரத்தில் கட்டினால் போதும். அலை செங்குத்தாக மேலே சென்று, அயனி மண்டலத்தில் பட்டு, மழைபோல நம் மாநிலத்தின் மீதே இறங்கும். இதற்கு இரும்புக் கோபுரம் எதற்கு? நல்ல மூங்கிலோ சவுக்குக் கம்போ இரண்டு போதாதா?

காற்றின் கணக்கு

இனிக் காற்றைப் பற்றிச் சிந்திப்போம். கட்டடங்களுக்கான இந்தியத் தர விதியில், சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டர். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சென்னையின் வேகத்துக்கு ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஏறக்குறைய 150 கிலோ பளு. மதுரையின் வேகத்துக்கு 93 கிலோ. வேகம் கால் பங்குக்குச் சற்று மேல் கூடினால், அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது!

ஜப்பானிய அறிஞர்கள் யாகியும் உடாவும் 1926-இல் உலகுக்கு அறிவித்த, பல குழாய்களை வரிசையாகக் கொண்ட ஏரியலைக் கோபுரத்தின் தலையில் வைப்பதாகக் கொள்வோம். காற்றை எதிர்க்கும் அதன் பரப்பு அரைச் சதுர மீட்டர் என்றால், சென்னைப் புயலில் 75 கிலோ பளு அதைத் தள்ளும். 12 மீட்டர் நீளக் கடப்பாரையின் நுனியைப் பருத்த மனிதர் ஒருவர் தம் முழு எடையையும் கொடுத்துத் தள்ளுவதை எண்ணிப் பாருங்கள். அடிப்பாகம் என்ன பாடுபடும்! 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்றனர் நம் முன்னோர். அம்மியே பறக்குமெனில் அலுமினியக் குழாய் எம்மாத்திரம்?

நிறுத்தும் முறை

நம் ஊர்களில் பெரும்பாலோர் மொட்டை மாடியில் ஜி.ஐ. பைப்பைத்தான் நிறுத்துகின்றனர். அதைக் கைப்பிடிச் சுவரோடும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியோடும் கட்டிவைப்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். கைப்பிடிச் சுவர் குழந்தை விழாமல் காக்கக் கட்டியது. புயலில் கம்பத்தைப் பிடித்துக்கொள்ளக் கட்டியதன்று. பளு முழுவதும் கான்கிரீட் தூணுக்கோ உத்தரத்துக்கோ சென்று சேர வேண்டும்.

ஸ்டே கம்பிகள் மூன்று திசைகளில், சமமான கோணத்தில், கம்பத்தின் அடியிலிருந்து அதன் உயரத்தில் ஐந்தில் மூன்று பங்குக்குக் குறையாத தொலைவில் கட்டப்பட வேண்டும். மாடியில் அந்த இடம் இல்லையெனில், கம்பத்தின் உயரத்தைக் குறைப்பதே அறிவுடைமை. கம்பி முனையை மடக்கிக் கிளாம்பு போடும்போது, கிளாம்பின் தட்டையான பகுதி பளு தாங்கும் கம்பியின்மேலும், 'யு' வடிவக் கம்பி மடங்கிய வாலின்மேலும் அமையவேண்டும். மாற்றிப் போட்டால் பளு தாங்கும் கம்பியே நசுங்கிப் பிடி தளரும். டர்ன்பக்கிளை முறுக்கிய பின், அது தானாகத் திரும்பாதபடி கம்பியால் பூட்டுவதும் அவசியம். சின்னஞ்சிறு செயல்கள்தாம், புயலன்று அவைதாம் கம்பத்தைக் காக்கும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது இடத்தேர்வு. கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடம் ஒன்றே தகுதியான இடம். அப்படி ஓர் இடம் இல்லாத வீட்டில் கம்பம் வேண்டவே வேண்டாம். இதில் சமாதானத்துக்கு இடமில்லை. இது உயிர்க் கணக்கு.

காக்கும் முறை

பராமரிப்பு என்பது பழுது வந்தபின் ஓடுவதன்று. பழுது வருமுன் பார்ப்பது. ஆடிக் காற்றுக்கு முன் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை என ஆண்டுக்கு இருமுறை, அடி முதல் நுனி வரை பார்க்க வேண்டும். ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் தனியே ஒருமுறை பார்க்க வேண்டும்.

எதைப் பார்ப்பது? துருவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். துருவின் இருப்பிடங்கள் மூன்று: பைப்பின் இணைப்பு, கம்பி மடங்கும் வளைவு, இரும்பு மண்ணுக்குள் நுழையும் இடம். மூன்றாவது கண்ணுக்குத் தெரியாது. ஒரு சாண் தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். உப்புக் காற்று வீசும் கடற்கரை ஊர்களில் இவ்வேலை இரட்டிப்பு. இலேசான துருவைத் தேய்த்துத் துத்தநாகப் பெயிண்ட் பூசலாம். கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் கம்பியையே மாற்றிவிட வேண்டும். நைலான் கயிற்றை நம்பியோர் அதை வெயில் நைத்துவிடும் என்பதை மறக்கலாகாது. கேபிள் இணைப்புக்குள் தண்ணீர் புகுந்தால் கோபுரம் நிற்கும், குரல் போகாது. ஆகவே இணைப்புகளின் மேல் சுற்றிய டேப்பையும் பார்க்க வேண்டும்.

இடியைப் பற்றி ஒரு சொல். கம்பத்துக்கு அதன் அடியிலேயே நல்ல எர்த் வேண்டும். கேபிளின் வெளியுறையையும் வீட்டுக்குள் நுழையுமுன் அந்த எர்த்தோடு சேர்க்க வேண்டும். வானம் கறுத்தால் கேபிளைக் கழற்றிவிட்டுப் பேச்சை நிறுத்துவதே உத்தமம். கம்பத்தில் ஏறுபவர் இடுப்பு வாரும் துணைக்கு ஓர் ஆளும் இன்றி ஏறக்கூடாது. தனியே ஏறுவது வீரமன்று.

அண்டை வீட்டாரின் கேள்வி

'உங்கள் பொழுதுபோக்குக்கு எங்கள் தலைமேல் கத்தி தொங்க வேண்டுமா?' என்று அண்டை வீட்டார் கேட்டால் என்ன விடை? அமெரிக்காவில் 1985-இல் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம், உள்ளூர் மன்றங்கள் அமெச்சூர் ஏரியல்களுக்கு நியாயமான அளவில் இடங்கொடுக்க வேண்டும் என ஆணையிட்டது. உரிமை பேசுவோர் இதை எடுத்துக்காட்டுவர். நானும் அவ்வுரிமையை ஆதரிப்பவனே. ஆயினும் உரிமை மட்டும் அயலாரின் அச்சத்தைப் போக்காது.

அவர்கள் அச்சம் இரு வகை. ஒன்று, கதிர்வீச்சு. அமெச்சூர் நிலையம் இரவும் பகலும் ஓயாமல் ஒலிபரப்புவதில்லை. பேசும் நேரத்தைவிடக் கேட்கும் நேரமே அதிகம். ஏரியலை ஆட்கள் நடமாடும் இடத்துக்கு மேலே, எட்டாத உயரத்தில் வைத்தால் அவ்வச்சத்துக்கு இடமிராது. மற்றொன்று, கம்பம் விழுந்துவிடுமோ என்பது. இது நியாயமான அச்சம்! இதற்குச் சொல்லால் விடை கூற முடியாது. துருவில்லாத கம்பிதான் விடை.

நம் மாநிலத்துக்கே இதில் பழைய அனுபவம் உண்டு. 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியைப் பார்க்க, நம் கடற்கரை மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு உயர்ந்த பைப்புகளை நட்டார்கள். அன்று எவரும் அதைக் குற்றம் சொல்லவில்லை. பின்னர் கேபிள் தொலைக்காட்சி வந்தது. பைப்புகளை ஏறிட்டுப் பார்ப்பாரில்லை. இறக்குவாரின்றி அவை மாடிகளிலேயே துருவேறி நின்றன. நடும்போது கூடிய கைகள் இறக்கும்போது எங்கே போயின? தேவை தீர்ந்த கம்பத்தை இறக்குவதும் பராமரிப்பின் ஒரு பகுதியே.

கைபேசிக் காலத்தில் இது ஏன்?

கைபேசி இருக்க இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். 2004 டிசம்பரில் ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தின் குழு ஒன்று, திருமதி பாரதி பிரசாத் தலைமையில் அந்தமானின் போர்ட் பிளேர் சென்றிருந்தது. உலக ஹாம்களுடன் பேசி மகிழவே அவர்கள் சென்றனர். டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. தீவுகளின் தொடர்பு அறுந்தபோது, அக்குழுவின் வானொலியே செய்திகளைத் தாய்நிலத்துக்குக் கொண்டுவந்தது. பொழுதுபோக்கு ஒரே நாளில் பொதுத்தொண்டாயிற்று.

2018 நவம்பரில் கஜா புயல் நம் டெல்டாவைத் தாக்கியபோது, மின்கம்பங்களும் சாய்ந்தன, கைபேசிகளும் ஊமையாயின. அத்தகைய நாளில் ஒரு 12 வோல்ட் பாட்டரியும், இரு கம்புகளுக்கிடையே கட்டிய கம்பியும் ஓர் ஊரின் குரலாக முடியும். ஆனால் அந்தப் புயலிலேயே நம் கோபுரமும் சாய்ந்துவிட்டால்? தேவைப்படும் நாளில் விழுந்துகிடக்கும் கோபுரத்தால் யாருக்கு என்ன பயன்? ஆகவேதான் சொல்கிறேன்: பராமரிப்பு என்பது வீட்டுக்காரரின் சொந்த வேலை மட்டுமன்று, அதுவே அவர் ஊருக்குச் செய்யும் தொண்டு.

நம் கல்லூரியிலும் ஓர் அமெச்சூர் வானொலி மன்றம் அமையவேண்டும் என்பது என் அவா. விண்ணைத் தொடும் கோபுரம் கேட்கவில்லை. 8 மீட்டர் உயரக் கம்புகள் இரண்டும், அவற்றை ஆண்டுக்கு இருமுறை பார்க்கும் அட்டவணை ஒன்றும் போதும். இயற்பியல் மாணவர் ஏரியலின் நீளத்தைக் கணக்கிடட்டும். கணித மாணவர் காற்றின் பளுவைக் கணக்கிடட்டும். நாட்டு நலப்பணித் திட்டத் தோழர்கள் புயல் நாளில் செய்தி சுமக்கட்டும். தமிழும் வரலாறும் பயில்வோர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து தெளிவாகப் பேசட்டும். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுகிறேன்.

நண்பர்களே, உயர்த்துவோம், உயர்த்தியதைக் காப்போம். காக்க இயன்ற அளவே உயர்த்துவோம்!