பொன்னாடையும் பட்டறையும்

கதை எழுதும் கலையைப் பயிற்றுவிக்கும் பட்டறை ஒன்றை நம் ஊரிலும் நடத்த வேண்டும் என்று தமிழ் அன்பர்கள் பேசிக்கொள்வதுண்டு. பேச்சுத் தொடங்கியவுடன் மண்டபம் வேண்டும் என்பார் ஒருவர். வெளியூரிலிருந்து வருவோர் தங்க விடுதி வேண்டும் என்பார் மற்றொருவர். தலைமை தாங்கப் பெரிய மனிதரும், விருந்தும், பொன்னாடையும் வேண்டும் என்பார் இன்னொருவர். கணக்குப் போட்டுப் பார்த்ததும் நிதியில்லை என்று எழுந்து செல்வர். நாம் கேட்பது ஒன்றே: ஒருவன் எழுதிய கதையைப் பத்துப் பேர் கருத்தூன்றிப் படிப்பதற்கு மண்டபம் எதற்கு?

பட்டறையின் உயிர் எது என்பதை முதலில் தெளிய வேண்டும். அமெரிக்க நாட்டின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் 1936ஆம் ஆண்டு எழுத்தாளர் பட்டறை தொடங்கிற்று. 1968இல் அந்நாட்டிலேயே தோன்றிய கிளாரியன் பட்டறை ஆறு வாரம் தங்கிப் பயில்வது. இவற்றின் நடைமுறை எளியது. கைப்பிரதியை அனைவரும் முன்கூட்டியே படித்து வருவர். வட்டமாய் அமர்ந்து ஒவ்வொருவராகக் குறைநிறை கூறுவர். இதுவே உயிர்; ஏனையவெல்லாம் உடையும் அணியுமே.

இவ்வுண்மைக்குச் சான்று தேடி நாம் கடல் கடக்கவும் வேண்டா. நம் திருவனந்தபுரத்தில் தமிழ் எழுதிப் புகழ் பெற்றோர் யாவர்? நகுலன் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். 1968இல் ‘குருக்ஷேத்திரம்’ என்னும் தொகுப்பை வெளிக்கொணர்ந்தவர். அதே ஆண்டில் ‘தலைமுறைகள்’ நாவலைத் தந்த நீல பத்மநாபன் மின்வாரியப் பொறியாளர். ஆ. மாதவனோ சாலைக் கடைத்தெருவில் கடை நடத்தியவர். அக்கடையே இலக்கிய நண்பர் கூடும் இடமாகவும் விளங்கிற்று. உழைத்துப் பிழைத்துக்கொண்டே எழுதியவர்கள் இவர்கள். கல்லாப்பெட்டிக்கு அருகிலும் இலக்கியம் பேசலாம் என்று காட்டிய ஊர் நமது.

அத்தகைய ஊரில், செலவு மிகுந்த முகாமே பட்டறை எனக் கொண்டால் வாயில் அடைபடுவது யாருக்கு? மைய அரசு எழுத்தருக்கு ஆண்டில் தற்செயல் விடுப்பு எட்டு நாள். ஊர்க் கொடைக்கும் உறவினர் சாவுக்கும் அது போதாது. கடையில் நிற்கும் இளைஞனுக்கு அதுவும் இல்லை. பிள்ளைகளை விட்டு ஒரு வாரம் வெளியே தங்கும் உரிமை நம் வீட்டுப் பெண்டிருள் எத்தனை பேருக்கு உண்டு? 1956இல் மாநில எல்லை பிரிந்த பின்னும் இந்நகரிலேயே தங்கிவிட்ட குடும்பங்களின் கதையும், பிழைப்பு நாடிப் பின்னர் வந்த நம்மனோர் கதையும் இவர்களிடமே உள்ளன. இவர்கள் எழுதாவிடின் அக்கதைகள் இவர்களோடு போய்விடும்.

ஆதலின் நாம் ஒரு திட்டம் கூறுகின்றோம். பத்துப் பேர், பத்து ஞாயிற்றுக்கிழமைகள், மாலை மூன்று மணி நேரம். ஞாயிறுக்கு இரண்டு கதைகள் எனப் பத்து வாரத்தில் ஒவ்வொருவரும் இரண்டு கதை தரலாம். கதைக்கு எட்டுப் பக்கம், பத்துப் படிகள் என்றால் மொத்தம் 1,600 பக்கங்கள். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்று கொண்டாலும் ஒளிநகல் செலவு 3,200 ரூபாய். ஆளுக்கு 320 ரூபாய். இடம் உறுப்பினர் ஒருவரது கூடம். நாகர்கோவிலிலிருந்தோ உள்ளூரிலிருந்தோ தேர்ந்த எழுத்தாளர் ஒருவர் ஐந்தாம் ஞாயிறும் பத்தாம் ஞாயிறும் வந்தால் போதும். அவருக்குரிய வழிச்செலவையும் மதிப்பூதியத்தையும் சங்கம் ஏற்கட்டும். மாலையும் பொன்னாடையும் வாங்கும் பணத்தை அதற்குத் திருப்பிவிடட்டும். மலையாளப் பள்ளியில் படித்த நம் பிள்ளை மலையாள எழுத்திலே தமிழை எழுதி வந்தாலும் தடுத்தல் கூடாது. மொழி நாவில் இருக்கும்வரை எழுத்தைப் பின்னர்க் கற்பிக்கலாம்.

தொடர்ந்து தங்கிப் பயின்றாலன்றி ஒருமுனைப்பு வாராது என்று மறுப்போர் உண்டு. வீட்டுக் கவலையை விட்டு இருக்கும் சில நாட்களின் இன்பத்தை நாமும் மறுக்கவில்லை. ஆனால் எழுத்து கைகூடுவது திருத்தி எழுதுவதில் அன்றோ? குறை கேட்டவன் அதை மனத்தில் ஊறவிட்டு மீண்டும் எழுத ஒரு வாரமேனும் வேண்டும். குறுகிய முகாமோ அவன் திருத்தத் தொடங்குமுன் முடிந்துவிடுகின்றது. இடைவெளி பயிற்சியின் குறையன்று. பயிற்சியின் பகுதியே ஆகும்.

நிதியில்லை என்போர் அண்டை வீட்டை நோக்குக. 1945இல் கோட்டயத்தில் மலையாள எழுத்தாளர் பன்னிருவர் 120 ரூபாய் முதலீட்டில் ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டனர். சாகித்திய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கம் என்னும் அவ்வமைப்பு பின்னர் மலையாளப் பதிப்புலகின் பெருந்தூண்களுள் ஒன்றாயிற்று. அவர்கள் நன்கொடையாளரைத் தேடிக் காத்திருக்கவில்லை, தம்முள் பகிர்ந்துகொண்டனர்.

அடுத்த மலர் வெளிவரும்போது, அந்தப் பத்துப் பேரில் ஒருவர் எழுதித் திருத்திய கதை ஒன்றேனும் அதில் இடம் பெற வேண்டும். பத்து நாற்காலி, இருபது கதைகள், பத்து ஞாயிறுகள்: இவ்வளவே நாம் சங்கத்தாரிடம் வேண்டுவது. நிதியில்லை என்னும் பழைய விடை இதற்குப் பொருந்தாது.