நாற்பது சென்ரிமீற்றரும் நம் பிள்ளைகளின் தோளும்

சர்வதேச சைக்கிளோட்டச் சம்மேளனம் 2025 ஜூனில் அறிவித்து, 2026 ஜனவரி 1ஆம் திகதி முதல் அமுலுக்குக் கொண்டுவந்துள்ள உபகரண விதிகளைப் பற்றி இவ்விதழின் நிலை என்ன என்று, வாசகர்களான பயிற்றுநர்களும் நேரக்கணிப்பாளர்களும் தொடர்ந்து வினவி வருகின்றனர். சக்கர விளிம்பின் உயரம் 65 மில்லிமீற்றரை மிஞ்சலாகாது என்ற விதியில் நமக்கு ஆட்சேபம் ஏதும் இல்லை. ஹாண்டிலின் வெளியளவு 400 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது என்ற விதியே நம்மை எழுத வைத்தது. எல்லோரும் ஒருங்கே புறப்படும் கூட்டோட்டப் பந்தயங்களுக்கென்று வகுக்கப்பட்ட இந்த அளவு, தனித்தனியே புறப்படும் வீரர்களின் நேர ஓட்டச் சாமர்த்தியத்தை ஒப்பிட்டுத் தீர்மானிக்கும் காரியத்தில் எங்ஙனம் வந்து புகுகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

முதலில் ஒப்பீட்டின் இயல்பைப் பார்ப்போம். 2025 செப்ரெம்பர் 21ஆம் திகதி ருவாண்டாவின் கிகாலி நகரில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீற்றர் உயரத்தில், கற்பாவிய கிமிஹுருரா ஏற்றம் உட்பட மொத்தம் 680 மீற்றர் ஏறி முடிக்கவேண்டிய 40.6 கிலோமீற்றர் பாதையை 49 நிமிடம் 46 செக்கனில் கடந்து, ரெம்கோ எவனபூல் தொடர்ந்து மூன்றாவது முறையாக நேர ஓட்ட உலகச் சம்பியன் பட்டத்தைத் தமதாக்கிக்கொண்டார். இரண்டரை நிமிடம் முன்னதாகப் புறப்பட்ட ததேய் பொகாச்சாரை அவர் வழியிலேயே தாண்டிச் சென்ற காட்சியைக் கண்டவர்கள், இனி இவ்விருவரையும் ஒப்பிடவேண்டிய அவசியமே இல்லை என்று அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டனர். ஒரு வாரம் கழித்து அதே நகரத்து மேடுகளில் நடந்த சாலை ஓட்டத்தில் பொகாச்சார் வென்றார். எவனபூல் 1 நிமிடம் 28 செக்கன் பின்தங்கி இரண்டாமிடம் பெற்றார். நேர ஓட்டமும் சாலை ஓட்டமும் வேறு வேறு வித்தைகள் என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். ஆனால் நேர ஓட்டத்துக்குள்ளேயே ஒப்பீடு எவ்வளவு வழுக்கலான காரியம் என்பதற்கு வேறோர் உதாரணம் இருக்கிறது.

கிகாலியில் 1 நிமிடம் 14 செக்கன் பின்தங்கி இரண்டாவதாக வந்த ஜே வைன், அதற்குப் பத்து நாளுக்கு முன்னர் ஸ்பெயின் சுற்றோட்டத்தில், வல்லாடொலிட் நகரில் 12.2 கிலோமீற்றராகக் குறைக்கப்பட்ட சமதரை நேர ஓட்டத்தில், பிலிப்போ கன்னாவிடம் ஒரு செக்கனுக்கும் குறைந்த வித்தியாசத்தில் தோற்றவர். எனவே கன்னாவும் வைனும் சமம், வைன் எவனபூலுக்குக் கிலோமீற்றருக்கு 1.8 செக்கன் தாழ்வு, ஆகவே கன்னாவும் அவ்வளவே தாழ்வு என்று கணக்குப் போட்டவர்கள், ஒக்ரோபர் தொடக்கத்தில் பிரான்ஸில் நடந்த 24 கிலோமீற்றர் ஐரோப்பியப் போட்டியில் கன்னா எவனபூலிடம் 43 செக்கனால் தோற்றதும், தம் கணக்கு ஒப்பேறிவிட்டதாகவே கொண்டாடினர். ஏனெனில் அதுவும் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 1.8 செக்கன்தான். இதே கன்னா 2023இல் ஸ்டேர்லிங்கில் 47.8 கிலோமீற்றர் ஓடி 12 செக்கனாலும், 2024இல் சூரிச்சில் 46.1 கிலோமீற்றர் ஓடி வெறும் 6 செக்கனாலுமே எவனபூலிடம் தோற்றார் என்பதை அவர்கள் அக்கணக்கில் சேர்க்கவில்லை. இருவர் ஓடிய மூன்று ஓட்டங்களில் ஒருவருக்கொருவர் உள்ள தூரம் பதின்மடங்குக்கு மேலாக மாறுகிறதென்றால், மாறியது அவர்கள் தேகபலம் மட்டுமாக இருக்க முடியாது. பாதையின் ஏற்றம், காற்றின் அடர்த்தி, அவ்வேளையில் வீசிய காற்று, உடலின் எடை, காற்றுக்குக் காட்டிய முன்பரப்பு ஆகிய யாவும் அந்த ஒற்றை எண்ணுக்குள் ஒடுங்கிக் கிடக்கின்றன.

இவற்றுள் முன்பரப்பே நம் விவாதத்துக்கு உரியது. சமதரையில் மணிக்கு 45 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறவரின் உழைப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு காற்றோடு போராடுவதிலேயே செலவாகிறது. அந்த எதிர்ப்பிலும் பெரும்பங்கை எழுப்புவது சைக்கிள் அன்று, அதன்மேல் இருக்கும் சரீரமே. உடல் பெருக்கையில் தசைத்திரள் கனவளவின் விகிதத்தில் பெருக, வாட்டு அதைவிடச் சற்றுக் குறைவாகவும், முன்பரப்பு அதைவிடவும் குறைவாகவும் பெருகுகிறது. அதாவது சிறிய உருவத்தினருக்கு ஒரு வாட்டுக்கு வந்து சேரும் சி.டி.ஏ. (முன்பரப்பும் வடிவமும் சேர்ந்த காற்றெதிர்ப்பு அளவு) இயற்கையிலேயே அதிகம். ஏற்றத்தில் எடைக்குறைவால் அவர்கள் பெறும் அனுகூலத்தைச் சமதரையில் காற்று பிடுங்கிக்கொள்கிறது. 171 சென்ரிமீற்றர் உயரமுள்ள எவனபூல், 193 சென்ரிமீற்றர் உயரமுள்ள கன்னாவை ஸ்டேர்லிங்கிலும் சூரிச்சிலும் வென்றார் என்றால், தோளை ஒடுக்கி, தலையைத் தாழ்த்தி, உடலைக் காற்றுக்குக் காட்டாமல் மறைத்துக்கொள்ளும் நீண்டநாள் சாதகத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு. ஒடுங்குதல் ஒன்றே சிறியவர்களின் கையிலுள்ள பரிகாரம்.

அந்தப் பரிகாரத்தையே புதிய விதி தொட்டுவிட்டது. இது கூட்டோட்டத்துக்கு மட்டுமே உரியது, நேர ஓட்டச் சைக்கிளின் நீள்கைப்பிடிக்கு வேறு விதி உண்டு என்று பதில் வரும். இரண்டு சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பதில் போதும். ஹேவாஹெட்டவிலும் தெல்தோட்டையிலும் கலஹாவிலும் ஓடுகிற பிள்ளைகளிடம் இருப்பது ஒரே சைக்கிள். சனிக்கிழமை சாலை ஓட்டத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை நேர ஓட்டத்துக்கும் அதே ஹாண்டிலோடுதான் வந்து நிற்பார்கள். கிளிப் முறையில் நீள்கைப்பிடி பூட்டலாமே என்பாரும் உளர். தலாத்துஓயாவிலிருந்து மாரஸ்ஸன வழியாக ஹேவாஹெட்டவுக்கு ஏறும் பாதையை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். வளைவுக்கு வளைவு பிரேக்கையும் கியரையும் நாடவேண்டிய அவ்வழியில் முழங்கையை நீள்கைப்பிடியில் ஊன்றி இருக்கக்கூடிய இடங்கள் சொற்பம். மீதி நேரமெல்லாம் கை ஹாண்டிலில்தான் இருக்கும்.

நம் பயிற்சிக்கு வரும் தோட்டத்துப் பெண்பிள்ளை ஒருத்தியின் தோளை நாடாவால் அளந்தபோது எலும்புக்கு எலும்பு 34 சென்ரிமீற்றர் இருந்தது. பாவித்த ஜப்பான் சைக்கிளொன்றில், முன்பு வைத்திருந்தவரின் உடலுக்கேற்ப நடுவுக்கு நடு 42 அளவில் பூட்டியிருந்த ஹாண்டிலைப் பிடித்து, முழங்கை இரண்டும் வெளியே விரிய, கழுத்தை இறுக்கிக்கொண்டுதான் அவள் நெடுங்காலம் ஓடினாள். கண்டிக் கடைகளில் தேடியலைந்து 36 அளவில் ஒன்றைக் கண்டெடுத்துப் பூட்டிக் கொடுத்த அன்று, இறக்கத்தில் ஒருமுறை போய்த் திரும்பியவள், "சேர், இப்பதான் சைக்கிள் நான் சொல்றத கேக்குது" என்றாள். குறுகிய ஹாண்டில் கட்டுப்பாட்டைக் குலைக்கும் என்பதே விதியை இயற்றியோர் காட்டும் பிரதான நியாயம். தோளுக்குப் பொருந்தாமல் அகன்ற ஹாண்டிலும் கட்டுப்பாட்டைக் குலைக்கும் என்பதற்கு அவளே சாட்சி. நடுவுக்கு நடு 36 என்றால், குழாயின் கனத்தையும் சேர்த்து, வெளியளவில் ஏறக்குறைய 38.4 வரும். கடையில் 38 என்று விற்பதே பெரும்பாலும் 40ஐத் தொடும். ஆக, அவள் தோளுக்கு இசைந்த ஹாண்டில் இவ்விதியின்படி குற்றம்.

பந்தயங்களில் கைப்பிடி உறைகளை உள்நோக்கித் திருப்பி, ஹாண்டிலை அபாயகரமாகக் குறுக்கிக்கொண்ட நெட்டையான வீரர்கள் சிலரின் அதிகப்பிரசங்கித்தனமே இவ்விதிக்குக் காரணம் என்பதை நாம் மறுக்கவில்லை. பெண் வீரர்களிடமிருந்து எழுந்த கண்டனத்தின் பின் கைப்பிடி உறைகளுக்கு இடையிலான அளவை அதிகாரிகள் தளர்த்தினார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் 400 என்ற வெளியளவு அப்படியே நின்றுவிட்டது. இதே சம்மேளனம் 2023இல் நேர ஓட்ட நிலைக்கு விதி செய்தபோது, 180 சென்ரிமீற்றருக்குக் கீழ், 180 முதல் 190க்குள், 190க்கு மேல் என மூன்று வகுப்பு வகுத்து, நெடியோருக்கு 85 சென்ரிமீற்றர் வரை கை நீட்ட இடமளித்தது. உயர்ந்தவனின் உடலை அளந்து சலுகை கொடுக்க அறிந்தவர்களுக்கு, 155 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருத்தியின் தோளை அளக்க ஏன் மனம் வரவில்லை? 180க்குக் கீழ்ப்பட்டவர் யாவரும் அவர்களுக்கு ஒரே உருவம்தானா? ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் ஓட்டக்காரரைத் தேடுவதாகச் சொல்லி, ஆபிரிக்க மண்ணில் முதன்முறையாக உலகச் சம்பியன் போட்டியை நடத்திய அதே ஆண்டில் இப்படியொரு விதி பிறந்தது என்பதை நினைக்குந்தோறும் மனம் வேதனைப்படுகிறது.

உடலை ஒடுக்கிக் காற்றை வென்றவர்கள் இந்த அதிகாரிகளால் தண்டிக்கப்படுவது புதிதன்று. ஸ்கொட்லாந்தின் கிரேம் ஓப்ரி கையை மார்புக்கடியில் மடக்கி ஓடிய நிலையை 1994இல் தடுத்தனர். அவரே கண்ட கைநீட்டு நிலையைப் பின்பு தடுத்தனர். அதன் பின்னர், ஒரு மணி நேரச் சாதனையை 1972இல் எடி மெர்க்ஸ் மெக்சிக்கோவில் ஓடிய 49.431 கிலோமீற்றருக்கே பின்னிழுத்து, அவ்வகைச் சைக்கிளில் ஓடுவதே சாதனை என்றனர். 2000இல் கிறிஸ் போர்ட்மன் அவ்வாறே ஓடி 10 மீற்றரால் அதை வென்று காட்டினார். அந்த முயற்சியின் ஒரேயொரு நற்பயன், சாதாரணச் சைக்கிளில் ஓடுவோரைத் தம்முள் ஒப்பிடலாம் என்ற நியாயம் அங்கீகரிக்கப்பட்டது என்பதே. 2014இல் அதையும் கைவிட்டார்கள். எந்நாளும் வாங்க முடியாத சைக்கிள்களோடு நம் பிள்ளைகளை ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடும் வழக்கத்துக்கு மாற்றே இல்லாமற் போயிற்று.

நம் நாட்டுத் தேர்வுகளிலும் நிலைமை இதுவே. கரையோரச் சமதரையில் ஓடிய ஒற்றை நேரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மலைநாட்டுப் பிள்ளைகளைத் தள்ளிவிட்ட தேர்வாளர்களை நாம் கண்டிருக்கிறோம். ஓடியவரின் எடை என்ன, சைக்கிள் எவ்வகை, அன்று காற்று எத்திசை என்று கேட்டால் பதில் கிடையாது. பெறுபேற்றுத் தாளில் இம்மூன்றையும் எழுதுவதற்கு ஒரு பேனாவைத் தவிர வேறு செலவில்லை.

இவ்விதழின் நிலை இதுதான்: ஹாண்டிலின் குறைந்தபட்ச அகலம் ஓட்டுபவரின் தோளகலத்தோடு பிணைக்கப்படவேண்டும், அது இயலாதெனில், 2023இல் செய்ததுபோல் உயர வகுப்புகளாக வகுத்து, 165 சென்ரிமீற்றருக்குக் குறைந்தோருக்குத் தனி அளவு தரப்படவேண்டும். இக்கோரிக்கையைத் தேசிய சம்மேளனத்தின் மூலம் முன்வைக்க உத்தேசித்துள்ளோம். வெறும் ஆட்சேபத்தை எவரும் பொருட்படுத்தமாட்டார்கள், அளவுகள் வேண்டும். ஆகவே பயிற்றுநர்கள் ஒவ்வொருவரும் தம்மிடம் ஓடுகிறவர்களின் உயரம், எடை, தோளகலம், ஹாண்டிலின் அளவு, சைக்கிளின் வகை ஆகியவற்றைப் பெயரின்றிக் குறித்து, அடுத்த இதழுக்கு முன் நமக்கு அனுப்பிவைக்குமாறு வேண்டுகிறோம். ஹாண்டிலை அளக்கும்போது வெளியளவையே எடுங்கள். நடுவுக்கு நடு எடுத்திருந்தால் அதைத் தாளில் மறவாமல் குறிப்பிடுங்கள்.