பாமர்ஸ்டன் யாரிடம் வீரம் காட்டினார்?

“அரசியலில் நிரந்தர நண்பனும் இல்லை, நிரந்தர எதிரியும் இல்லை.” கூட்டணி மாறும் போதெல்லாம் நம்ம காதில் விழும் வசனம். கிட்டத்தட்ட இதையே 1848-ல் பிரிட்டிஷ் பார்லிமென்டில் சொன்னவர் வெளியுறவு அமைச்சர் லார்ட் பாமர்ஸ்டன். நிரந்தரம் இங்கிலாந்தின் நலன் மட்டும்தான் என்று முடித்தார்.

இவரை உங்களுக்கும் பிடித்துப்போகும். எனக்கும் கொஞ்ச நாள் பிடித்திருந்தது. காரணம், டான் பசிபிகோ விவகாரம். 1847-ல் ஏதென்ஸில் பசிபிகோ என்ற யூதரின் வீட்டை ஒரு கும்பல் சூறையாடியது. ஆள் ஜிப்ரால்டரில் பிறந்ததால் பிரிட்டிஷ் பிரஜை. நஷ்டஈடு தராமல் கிரீஸ் இழுத்தடிக்க, 1850-ல் பாமர்ஸ்டன் கடற்படையை அனுப்பி ஏதென்ஸின் துறைமுகத்தையே முடக்கினார். பார்லிமென்டில் கேள்வி எழுந்ததும் நாலு மணி நேரத்துக்கு மேல் பேசினார். அந்தக்கால ரோமானியக் குடிமகன் மாதிரி பிரிட்டிஷ்காரனும் எங்கே இருந்தாலும் தன் அரசு காப்பாற்றும்னு நம்பலாம் என்றார். 46 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஒரு ஆளுக்காக ஒரு கடற்படை! புல்லரிக்குது இல்ல?

இப்போ சீனாவுக்கு வாங்க. 1839-ல் சீன அரசு பிரிட்டிஷ் வியாபாரிகளின் அபினைப் பறிமுதல் செய்து அழித்தது. (அந்த அபின் பெரும்பாலும் நம்ம இந்தியாவில் விளைந்தது.) அதற்கும் பாமர்ஸ்டன் கப்பல் அனுப்பினார். நஷ்டப்பட்டவன் பிரிட்டிஷ் பிரஜை, அவ்வளவுதான் கணக்கு. 1856-ல் ‘ஆரோ’ என்ற படகின் ஆட்களைச் சீன அதிகாரிகள் கைது செய்தபோது மறுபடியும் போர். அந்தப் படகின் ஹாங்காங் பதிவே காலாவதி ஆகியிருந்தது. ஆர்.சி. முடிந்த வண்டிக்காக ஊரையே கொளுத்தின கதை. இதற்காகப் பார்லிமென்டில் தோற்றவர், 1857 தேர்தலில் மக்களிடம் போய் ஜெயித்து வந்தார். கைதட்டியது அவர்கள்தான்.

அடிமை வியாபாரத்தை ஒழிப்பதில் அவர் காட்டிய பிடிவாதம் நிஜம், அதை மறுக்க முடியாது. ஆனால் அவர் மிரட்டிய நாடுகளைப் பாருங்க: கிரீஸ், சீனா, பிரேசில். திருப்பி அடிக்கிற பலம் யாருக்கு இருந்தது?

பலமுள்ளவன் எதிரே வந்தபோது கதை வேற. டென்மார்க்கைத் தொட்டால் டென்மார்க் மட்டும் தனியாகச் சண்டை போடாது என்று 1863-ல் பார்லிமென்டில் எச்சரித்தார். 1864-ல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் டென்மார்க்குக்குள் புகுந்தன. பிரான்ஸ் சேர மறுத்தது, பிரிட்டனின் தரைப்படையோ சின்னது. ஒரு கப்பல்கூடச் சண்டைக்குப் போகவில்லை, டென்மார்க் தனியாகவே தோற்றது. அதற்காக வந்த கண்டனத் தீர்மானத்திலும் பாமர்ஸ்டன் 18 ஓட்டில் தப்பித்தார்.