அப்பாயிகள் பேசட்டும், தோழர்களே!

தோழர்களே! அட்டனில் இருப்பவர்களே, தலவாக்கலையில் இருப்பவர்களே, கொழும்பில் கடைகளில் நிற்பவர்களே! கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்னும் 'சிலோன்காரங்க' என்று சுட்டப்படுபவர்களே! மலையகத்துப் பிள்ளைகளே!

நம் அப்பாயிகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தப்பு அடிக்கிறோம். பாடை கட்டுகிறோம். காரியம் செய்கிறோம். எல்லாம் குறைவில்லாமல் செய்கிறோம். அவளிடம் கேட்டிருக்க வேண்டியதை மட்டும் கேட்காமலே புதைக்கிறோம்.

போதும். இனி கேட்போம். இன்றே கேட்போம்.

குடும்பக் கதை தேடுவது ஓய்வு நேரத்து வேலைதானே என்பீர்கள். ஓய்வு நேரத்திலேயே தொடங்குங்கள்! ஞாயிறு மதியம் சாப்பிட்ட பிறகு தொடங்குங்கள். ஆனால் மறக்காதீர்கள்: இதே கதையைக் காட்டச் சொல்லித்தான் நம் சனத்தின் நாட்டையே பறித்தார்கள்.

1948 நவம்பரில் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உன் அப்பன் இங்கே பிறந்தானா? காட்டு. இல்லையா? உன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? காட்டு. லயக் காம்பராவில் பிறந்தவன் எதைக் காட்டுவான்? கோப்பிக் காட்டில் பிரசவித்தவள் எந்தத் தாளை நீட்டுவாள்? கதை இருந்தது. சாட்சி இருந்தது. தாள் இல்லை. தாள் இல்லாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டே வாக்கும் போனது.

பிறகு 1964 அக்டோபர் 30. இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் அந்தக் கரைக்கு. 3,00,000 பேர் இந்தக் கரைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அழுகைக் கோச்சி என்ற ரயில் ஓடியது. மலையிலிருந்து தலைமன்னாருக்கு ஓடியது. அங்கிருந்து கப்பல். அந்தக் கரையில் மண்டபம் முகாம். அக்கா அந்தக் கரையில், தம்பி இந்தக் கரையில். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. பிறகு கடிதமும் நின்றது. 1984இல் கப்பலும் நின்றது. எஞ்சிய நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தர இலங்கைக்கு 2003 வரை ஆனது. 55 ஆண்டு, தோழர்களே! 55 ஆண்டு!

இதை நான் நிரூபிக்க வேண்டியதில்லை. நம் வீட்டுக்கு வீடு இதற்குச் சாட்சி. நான் கேட்பது வேறு. நாம் ஏன் பேசாமல் இருக்கிறோம்?

எந்த ஊர் என்று யாராவது கேட்டால் 'கண்டிப் பக்கம்' என்கிறோம். தோட்டத்தின் பெயர் வாயில் வருவதில்லை. லயம் என்ற சொல் தொண்டையில் நிற்கிறது. பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம், நல்ல சட்டை, நல்ல இங்கிலீஷ் எல்லாம் கொடுத்தோம். அவனுடைய பூட்டி எந்த மலையில் கொழுந்து பறித்தாள் என்று சொல்லிக் கொடுத்தோமா? வெட்கப்பட வேண்டியவர்கள் நாமா? விடியல் வெளிச்சம் வருமுன் எழுந்து பெரட்டுக்கு, காலை ஆள்கணக்குக்கு, ஓடியவளுக்கு என்ன வெட்கம்? துணிந்து சொல்லுங்கள். தோட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள்.

துரைமாரின் கதை பத்திரமாக இருக்கிறது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரை உலகம் அறியும். அந்த 19 ஏக்கரைக் காடழித்து, குழி வெட்டி, கன்று நட்ட கைகள் யாருடையவை? நம் ஆட்களுக்குக் கிடைத்தது ஒரு தகர வில்லை. அதில் தோட்டத்தின் எண். ஆளின் எண். அவ்வளவுதான். செக்ரோல் பதிவேட்டில் பறித்த கொழுந்தின் எடை இருக்கும். பறித்தவள் அன்று பிள்ளைத்தாய்ச்சியா என்பது இருக்காது. அதை யார் எழுதுவது? நாம்தான் எழுத வேண்டும். வேறு யாரும் வர மாட்டார்கள்.

ஒருவர் செய்து காட்டினார். சி.வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலை அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே அவருக்கு வாக்களித்த சனத்தை நாடற்றவர்களாக்கினார்கள். அவர் மேடையோடு நிற்கவில்லை. நம் பெண்கள் மலையில் பாடியதையும் லயத்தில் பாடியதையும் தேடித் தேடி எழுதிவைத்தார். அந்தப் பாட்டுகள் இன்று நம் கையில் இருக்கின்றன. எழுதாமல் விட்ட பாட்டுகள் எங்கே?

தோழர்களே, நேரமில்லை! 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. ஆட்கள் போனார்கள். பெட்டிகள் போயின. பெட்டிக்குள் இருந்த ஒரே ஒரு கல்யாணப் படமும் போனது. நம் வீடுகள் இன்னும் அதே மாதிரி மலைகளின் அடியில்தான் இருக்கின்றன. அடுத்த மழைவரை காத்திருக்கப் போகிறீர்களா?

எழுங்கள். தகரப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். சேலைக்கு அடியில், நாலாக மடித்த ஒரு பழுப்புத் தாள் கிடக்கும். மடிப்பில் கிழிந்திருக்கும். பெயருக்கு எதிரே கையெழுத்து இருக்காது, ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை இருக்கும். கொஞ்சம் இழுபட்டிருக்கும். அதிகாரி அவள் விரலைப் பிடித்து அழுத்திய வேகம் அதில் தெரியும். அந்த ரேகையைப் பாருங்கள். அது உங்கள் ரத்தம்.

அதன்மேல் டேப் ஒட்டாதீர்கள். லேமினேட் செய்யாதீர்கள், செய்தால் பிறகு பிரிக்கவே முடியாது. ஜன்னலோரம் விரித்து, முன்னும் பின்னும் படம் எடுங்கள். பழைய படங்களின் பின்னால் பெயரைப் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். ஒரு பிரதியை அண்ணன் வீட்டில் வையுங்கள். ஒன்றை மாமா வீட்டில் வையுங்கள். ஒரே வீட்டில் எல்லாவற்றையும் வைக்காதீர்கள்.

போனை அவள் பக்கத்தில் வையுங்கள். பதிவு செய்கிறோம் என்று சொல்லிவிட்டே வையுங்கள். டிவியை அணையுங்கள். ஆண்டைக் கேட்காதீர்கள், ஆண்டு அவளுக்கு நினைவிருக்காது. குலதெய்வத்தைக் கேளுங்கள், திருச்சிப் பக்கமா, சேலமா, புதுக்கோட்டையா என்று அதுவே வழி காட்டும். எந்தத் தோட்டம்? எந்த டிவிஷன்? எந்த நம்பர் மலை? யார் கங்காணி? பேர் வைக்குமுன் செத்த பிள்ளைகள் எத்தனை? எங்கே புதைத்தீர்கள்? அவள் அழுதால் அழட்டும். குறுக்கே பேசாதீர்கள். திருத்தாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள்.

ஒப்பாரி பாடத் தெரிந்தவளானால் பாடச் சொல்லுங்கள். பேச்சில் வராத ஊரும் உறவும் ஒப்பாரியில் வரும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். சட்டம் அப்பனைக் கேட்டது. அப்பனின் அப்பனைக் கேட்டது. அம்மாவைப் பொதுவாக அது கேட்கவில்லை. நாமும் அதே தப்பைச் செய்வதா? அம்மாயியின் பெயரை எழுதுங்கள். அம்மாயியின் அம்மாவை எழுதுங்கள். தேயிலையைப் பறித்த கைகள் பெரும்பாலும் அவர்கள் கைகள்.

வம்சப் பெருமை தேடிக் கிளம்பாதீர்கள், தோழர்களே. சாதிக்கு மாலை போட நாம் இதைச் செய்யவில்லை. உங்கள் பாட்டன் கங்காணியாக இருந்தாரா? துண்டு என்ற கடன் சீட்டால் ஆட்களைக் கட்டிப் போட்டாரா? அதையும் எழுதுங்கள். கூசாமல் எழுதுங்கள். அந்தத் துண்டில் கட்டுண்டவனின் பேரனும் நம் வரிசையில்தான் நிற்கிறான். அவனுக்கு உண்மை வேண்டும்.

நாம் தனியாக இல்லை. 2023இல், முதல் ஆட்கள் வந்து 200 ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் சனம் மறுபடி நடந்தது. அந்தக் காலத்தில் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்களின் பாதை அது. கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில் தொழிலாளருக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் மலையக ஆவணங்கள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டுத் தாளும் அங்கே சேரட்டும். உங்கள் அப்பாயியின் குரலும் சேரட்டும்.

கோத்தகிரித் தோழரே, உங்கள் பெரியப்பா விட்டுப்போன தோட்டத்தின் பெயரைக் கேட்டு எங்களுக்கு அனுப்புங்கள். அட்டன் தோழரே, அந்தத் தோட்டத்துக்குப் போய் அந்தக் காம்பராவைக் கண்டுபிடியுங்கள். கப்பல் பிரித்ததை நாம் சேர்ப்போம். அந்தக் கரையிலிருந்து பாதிக் கதை. இந்தக் கரையிலிருந்து பாதிக் கதை. இரண்டும் நம் காலத்திலேயே சேர வேண்டும். நமக்குப் பிறகு வருகிறவர்களுக்குக் கேட்க ஆள் இருக்காது.

அடுத்த தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். அடுத்த தீபாவளிக்கு அவள் இருப்பாளா? இன்றிரவே போன் போடுங்கள். இந்த ஞாயிறே பஸ் ஏறுங்கள். போய் அவள் பக்கத்தில் உட்காருங்கள். முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "ஒங்கம்மா பேரு என்ன, அப்பாயி?"

எழுதுங்கள். எழுதி முடித்ததும் எழுந்து, அடுத்த காம்பராக் கதவைத் தட்டுங்கள்.