பாய்ச்சிய பிறகும் வெண்டை வாடுவது ஏன்?

கேள்வி: "அரை ஏக்கரில் வெண்டை போட்டிருக்கிறேன். போர் தண்ணீர் பாய்ச்சிய மறுநாளே மதியத்தில் செடி துவள்கிறது, இலை ஓரம் கருகுகிறது. யூரியா போட்டும் தேறவில்லை. பள்ளியில் உருளைக்கிழங்கை உப்புத் தண்ணீரில் போட்டுச் சோதனை செய்த என் மகள், நம் நிலத்திலும் இதுதான் நடக்கிறது என்கிறாள். உண்மையா?"
- வாசகர், அத்திப்பட்டு

பதில்: உங்கள் மகள் சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறார். முதலில் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். அழுகியிருந்தால் அது நோய். வேர் வெள்ளையாக, உறுதியாக இருந்தால் உப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

அந்தச் சோதனையை வீட்டிலும் செய்யலாம். உருளைக்கிழங்கை விரல் நீளத்தில் ஒரே அளவாக இரண்டு துண்டு நறுக்குங்கள். ஒன்றை நல்ல தண்ணீரிலும், மற்றதை ஒரு டம்ளருக்கு ஒன்றரை தேக்கரண்டி உப்பு கரைத்த தண்ணீரிலும் போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து எடுங்கள். முதல் துண்டு விறைப்பாக இருக்கும். இரண்டாவது ரப்பர் போல வளையும். மாங்காயில் உப்பு போட்டால் நீர் விடுவதும் இதே காரணத்தால்தான். செல்லின் மெல்லிய சவ்வு வழியாக, கரைபொருள் குறைவான பக்கத்திலிருந்து அதிகமான பக்கத்துக்குத் தண்ணீர் போகிறது. இதைத்தான் பாடத்தில் சவ்வூடு பரவல் என்கிறார்கள்.

வேரும் இப்படித்தான் தண்ணீர் எடுக்கிறது. மண்ணில் உப்பு ஏற ஏற, வேர் உறிஞ்சுவது கடினமாகும். நிலம் ஈரமாக இருந்தும் செடிக்குத் தாகம் தீராது. உரமும் தண்ணீரில் கரைந்து அதன் செறிவைக் கூட்டுவதால், வாடிய செடிக்கு யூரியா போடுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

"போர் தண்ணீரில் போட்ட துண்டு விறைப்பாகத்தானே இருக்கிறது?" என்று கேட்பீர்கள். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். டம்ளரில் உப்பின் அளவு மாறாது. வயலில் வெயில் தண்ணீரை மட்டும் கொண்டுபோகும், உப்பு அங்கேயே தங்கும். உப்பளம் இருக்கும் ஊர்க்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள தண்ணீரை அரை ஏக்கரில் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சினால், ஒரே பாசனத்தில் சுமார் 200 கிலோ உப்பு நிலத்தில் சேரும். அதாவது நான்கு மூட்டை!

மீஞ்சூர் பகுதி நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது 1960-களின் இறுதியிலேயே கவனிக்கப்பட்டது. சென்னைக் குடிநீருக்கும் ஆலைகளுக்கும் பாசனத்துக்கும் அளவுக்கு மீறி இறைத்ததே காரணம். போரை இன்னும் ஆழப்படுத்தினால் நல்ல தண்ணீர் வரும் என்று எண்ணிப் பணத்தைக் கொட்டாதீர்கள். முதலில் பரிசோதனை செய்யுங்கள்.

மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் கழுவிய பாட்டிலில் அரை லிட்டர் பிடியுங்கள். வயல் மண்ணிலும் மாதிரி எடுங்கள். மீஞ்சூர் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டால் பரிசோதனைக்கு அனுப்ப வழி சொல்வார்கள். அறிக்கையில் தண்ணீரின் மின் கடத்தும் திறனைப் பாருங்கள். 0.7 டெசிசைமனுக்குள் இருந்தால் கவலையில்லை. 3-க்கு மேல் போனால் வெண்டை, அவரை, வெங்காயம், கேரட் போன்றவற்றைத் தவிர்ப்பது நல்லது. பீட்ரூட், கொத்தவரை ஓரளவு தாங்கும்.

இப்போது செய்ய வேண்டியவை:

* யூரியாவை நிறுத்துங்கள்.
* ஏரி, குளத்து நீர் கிடைத்தால் போர் தண்ணீருடன் கலந்து பாய்ச்சுங்கள்.
* மண் முழுதும் காயவிடாமல், இடைவெளியைக் குறைத்து மாலையில் பாய்ச்சுங்கள். வைக்கோல் மூடாக்கு போடுங்கள்.
* அடுத்த நடவில் பாரின் உச்சியில் விதைக்காமல் பக்கவாட்டில் விதையுங்கள். உப்பு உச்சியில்தான் பூக்கும்.
* ஐப்பசி, கார்த்திகை மழையை வரப்பு கட்டி நிறுத்தி, பிறகு வடியவிடுங்கள். உப்பைக் கழுவ அதைவிட மலிவான வழி இல்லை. மழைக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும் நல்லது.

ஜிப்சத்தை யார் சொன்னாலும் உடனே வாங்காதீர்கள். அது களர் நிலத்துக்கான மருந்து. வெறும் உவர் நிலத்தில் உப்பைக் கழுவி வடிக்காமல் பலன் இல்லை. உங்கள் நிலம் எது என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். அறிக்கை வந்ததும் அதிலுள்ள எண்களை எழுதி அனுப்புங்கள். அடுத்த பட்டத்துக்கு எந்தப் பயிர் என்பதை அதை வைத்து முடிவு செய்வோம்.