ஏழை வெளியேறினால் ஊர் வளர்ந்ததாகுமா?

அபிராமபுரம் வளர்ந்துவிட்டது என்கிறார்கள். ஓய்வுபெற்ற அதிகாரிகளும் வழக்கறிஞர்களும் மாமரமும் முருங்கையும் வைத்து வாழ்ந்த தனி வீடுகள் பல இன்று அடுக்ககங்களாகிவிட்டன. 1991-க்குப் பிந்திய பொருளாதார மாற்றம் புதிய வருவாயைக் கொணர்ந்தது. பிள்ளைகள் அயல்நாடு சென்றனர். பழைய வீடு கட்டுமானக்காரர் கைக்குப் போயிற்று. இவை பற்றி நம் பொதுநிலையினர் நிறையவே பேசுகின்றனர். நிழல் போயிற்று, வண்டி நிறுத்த இடமில்லை என வருந்துகின்றனர். வருந்தட்டும். அவர்கள் வருந்தாத மாற்றம் ஒன்று உண்டு. அதைப் பற்றியே எழுத விழைகிறோம்.

இப்பகுதியின் வருவாய் உயர்ந்துள்ளது என்னும் பெருமிதத்தை எடுத்துக்கொள்வோம். பத்துப் பேர் இருக்கும் அறையிலிருந்து ஏழைகள் மூவரை வெளியேற்றிவிட்டால், எஞ்சிய எழுவரின் சராசரி வருவாய் தானே உயரும். எவர் மடியிலும் ஒரு காசு கூடியிராது. நம் நகரின் உயர்வில் இத்தகைய கணக்கும் கலந்திருக்கிறது.

வெளியேற்றப்பட்டோர் எங்கே? 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்திற்குப் பின் பெரும்பாக்கத்திற்கும் ஆற்றங்கரை, கால்வாய்க் கரை மக்கள் அனுப்பப்பட்டனர். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். எல்லாரும் ஏழைகள், பிழைப்போ ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு இப்பால், நம் அடுக்களைகளில்.

அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் என்று நம் குடியிருப்போர் சங்கங்களில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பக்கிங்காம் கால்வாயின் கரையில் குடிசை போட்டவர் ஆக்கிரமிப்பாளர். அதே கால்வாயினுள் தூண்களை நாட்டி, 1997-இல் திருமயிலை வரையிலும் 2004-இல் திருவான்மியூர் வரையிலும் பறக்கும் ரயிலை ஓட்டிய அரசுக்கு அப்பெயர் இல்லை. வெள்ள ஆபத்திலிருந்து காப்பதற்கே இடம் மாற்றினோம் என்பது அடுத்த வாதம். காக்கத்தான் வேண்டும். ஆனால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கமும் மழைக்காலத்தில் வெள்ளம் சூழும் ஊர்தானே!

2022 மே மாதம் அபிராமபுரத்தை அடுத்த ராஜா அண்ணாமலைபுரத்தில், கோவிந்தசாமி நகர் வீடுகள் நீதிமன்ற ஆணையின்பேரில் இடிக்கப்பட்டன. முதியவர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பின்னரே, அம்மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளில் வீடு ஒதுக்கப்படும் என முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அருகிலேயே இடம் தர இயலும் என்பதை அறிய ஓர் உயிர் கருக வேண்டியிருந்ததா? அந்த வாரம் நம் ஆலயங்களில் எத்தனை மன்றாட்டுகளில் அவர் நினைக்கப்பட்டார் என்று கேட்கவும் மனம் கூசுகிறது.

விலை கொடுத்து வாங்கிய மனையில் பிறருக்கு என்ன உரிமை என்போர், துணைக்கு விவிலியத்தையும் அழைப்பதுண்டு. லேவியர் நூல் 25-ஆம் அதிகாரத்தின்படி, விற்ற நிலம் யூபிலி ஆண்டில் உரியவருக்குத் திரும்பும். மதில் சூழ்ந்த நகரின் வீடோ ஓராண்டுக்குள் மீட்கப்படாவிட்டால் வாங்கியவருக்கே நிலைத்துவிடும். உண்மைதான். ஆயின் அடுத்த சில வரிகளையும் படிக்க வேண்டாமா? லேவியரின் நகர்களிலுள்ள வீடுகளை எக்காலத்திலும் மீட்கலாம் என்கிறது அதே சட்டம். ஏனெனில் மற்றக் குலத்தாரைப்போல் அவர்களுக்குப் பங்கிட்டுத் தரப்பட்ட நாடு இல்லை. வீடே அவர்களது உரிமைச்சொத்து. வயலற்றவனின் வீட்டை விற்பனைப் பண்டமாகக் கருதாத சட்டம் அது. நம் நகரில் வீட்டைத் தவிர வேறு உடைமையற்றவர் யார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. திருத்தந்தை பிரான்சிசும் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில், இடமாற்றம் தவிர்க்க இயலாததாயின் மக்களுக்கு முன்னறிவிப்பும் தகுந்த வீடுகளுள் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பும் முடிவில் பங்கும் வேண்டும் என்று வலியுறுத்துகிறார். இடிக்கும் எந்திரம் வந்து நிற்பதை முன்னறிவிப்பு என்று கொள்வதற்கில்லை.

2021 முதல் பெண்களுக்குச் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமில்லையே என்பார்கள். நல்ல திட்டந்தான். கட்டணம் போயிற்று, தொலைவு போகவில்லை. விடியுமுன் வீட்டைவிட்டுப் புறப்படும் தாய், தன் பிள்ளை பள்ளிக்குச் சென்றதா என்பதை மாலையில்தான் அறிகிறாள். அவள் கத்தோலிக்கப் பெண்ணாயின், ஞாயிறு திருப்பலிக்கு எந்தப் பங்கைச் சேர்ந்தவள்? பழைய பங்கில் அவள் பெயர் அன்பியப் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது. காணிக்கை குறையாததால் அவள் இன்மையை எவரும் உணரவில்லை.

சங்கங்களில் பொறுப்பு வகிக்கும் நம்மவர், குடிசைகளை அகற்றக் கோரும் மனுக்களில் இனிக் கையொப்பமிடாதிருக்கலாம். பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் மீண்டும் கட்டும் வழக்கம் அரசிடம் இருக்கிறது. கால்வாய்க் கரையினருக்கும் அருகிலேயே அவ்வாறு கட்டித்தருமாறு கேட்கும் மனுவில் முதற் கையொப்பம் இடலாம். திருச்சபையும் துறவற சபைகளும் நகரின் நடுவே வைத்திருக்கும் மனைகளில் எவையேனும் இதற்குப் பயன்படுமா என்பதையும் நாம் ஆராய்ந்தாக வேண்டும். பங்குப் பேரவையின் அடுத்த கூட்ட நிகழ்ச்சிநிரலில், வண்டி நிறுத்துமிடம் பற்றிய பேச்சுக்கு முன்னதாக இதனை வைக்குமாறு வேண்டுகிறோம்.