5-ம் வகுப்பைப் பார்க்காமலே 6-ம் வகுப்பு!

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது 4-ம் வகுப்பில் இருந்த பிள்ளைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் எல்லோரும் தேர்ச்சி. ஜூனில் 5-ம் வகுப்பு என்றார்கள். புத்தகம் கைக்கு வந்தது, வகுப்பறை திறக்கவில்லை. இந்த வருடத் தொடக்கத்தில் 10, 12-ம் வகுப்புகளுக்கும், அடுத்து 9, 11-ம் வகுப்புகளுக்கும் கொஞ்ச நாள் பள்ளி நடந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. இப்போது, 2021 ஜூலையில், அவர்கள் 6-ம் வகுப்பு!

நம் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் 5-ம் வகுப்போடு முடிந்துவிடும். 8-ம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பிரச்னை இல்லை, அதே கட்டடம், அதே டீச்சர்கள். மற்றவர்கள் டி.சி வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போயாக வேண்டும். சும்மா நாளிலேயே இது பெரிய தாவல். அதுவரை ஒரே டீச்சர் தமிழும் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்திருப்பார். 6-ம் வகுப்பில் பாடத்துக்கு ஒருவர் வருவார், மணி அடித்ததும் போய்விடுவார். கணக்குப் புத்தகத்தின் முதல் பருவத்திலேயே எண்ணுக்குப் பதில் எழுத்து வந்து நிற்கும், இயற்கணிதம்.

இந்தத் தாவலுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது பாடம் மட்டுமில்லை. தொடக்கப் பள்ளியில் 5-ம் வகுப்புதான் பெரிய வகுப்பு. மணி அடிப்பது, பிரேயரில் முன்னால் நின்று உறுதிமொழி சொல்வது, ஒண்ணாம் வகுப்புக் குட்டிகளைச் சத்துணவு வரிசையில் நிறுத்துவது எல்லாம் அவர்கள் வேலை. அந்த ஒரு வருடம் 'நாமதான் பெரியவங்க' என்று இருந்துவிட்டுத்தான் அடுத்த பள்ளிக்குப் போவார்கள். இந்த முறை அந்த வருடமே இல்லை. 9 வயதில் வீட்டுக்குள் போன பிள்ளை, 11 வயதில் உயர்நிலைப் பள்ளியின் கடைக்குட்டியாக வெளியே வரப்போகிறது.

என் சித்தி மகளும் இந்தக் கணக்கில் ஒருத்தி. போன வாரம் டி.சி வாங்கிவந்த சித்தி, அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம் எல்லாம் சரியாக இருந்தன. 'ஒழுக்கமும் பண்பும்' என்ற இடத்தில் 'நன்று'. ஒரு வருடமாக அவளை யாரும் வகுப்பில் பார்க்கவே இல்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால், சித்தியின் கவலை வேறு. "இதுல அவளுக்கு வகுத்தல் வராதுன்னு எங்கேயும் இல்லையே பாப்பா, புது டீச்சருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

சரியான கேள்வி. பள்ளி மூடியிருப்பதால் பாடம் போனதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். ஒரு டீச்சர் தனக்குத் தெரிந்ததை இன்னொரு டீச்சரிடம் சொல்லி அனுப்பும் வழியும் சேர்ந்து போனது. வழக்கமான வருடத்தில் அது தானாக நடந்துவிடும். பக்கத்துப் பள்ளி என்றால் டீச்சர்கள் ஒருவரையொருவர் கூட்டங்களில் பார்ப்பார்கள், பேச்சுவாக்கில் சொல்வார்கள். இல்லாவிட்டாலும், புது டீச்சர் முதல் 10 நாளில் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். இப்போது அவருக்குக் கிடைப்பது ஒரு பெயரும் ஒரு வாட்ஸ்அப் எண்ணும்தான்.

அதனால் அந்தத் தகவலை நாமே எடுத்துப் போகலாம் என்பது என் யோசனை. ஒரே ஒரு தாள் போதும். டி.சி-யோடு சேர்த்துப் புதுப் பள்ளியில் கிளாஸ் டீச்சர் கையில் கொடுத்துவிடலாம்.

யாரிடம் கேட்டு எழுதுவது? உடனே 5-ம் வகுப்பு டீச்சரைத் தேடிப் போகாதீர்கள். அவர் உங்கள் பிள்ளையைப் போனில் மட்டும்தான் பார்த்திருப்பார். உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் 4-ம் வகுப்பு டீச்சர். இரண்டு டீச்சர் மட்டுமே உள்ள பள்ளி என்றால் இருவரும் ஒருவராகவே இருக்கலாம், வேலை சுலபம். டி.சி வாங்கப் போகும் நாளில் 10 நிமிடம் கேட்டால் போதும். எந்த டீச்சரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

'நல்லாப் படிப்பா', 'கொஞ்சம் விளையாட்டுத்தனம்' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. சித்தி எழுதியது இப்படி இருந்தது: கதைப் புத்தகம் தானாகப் படிப்பாள். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியும். இரண்டு இலக்க எண்ணால் வகுக்கத் தடுமாறுகிறாள். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பாள், அர்த்தம் தெரியாது. கூப்பிட்டுக் கேட்டால் அழுதுவிடுவாள், பக்கத்தில் போய்க் கேட்டால் சொல்வாள். கரும்பலகை கண்ணுக்குத் தெரியவில்லை, காதில் அடிக்கடி சீழ், வீட்டில் பேசும் மொழி தமிழ் இல்லை என்பது மாதிரி விஷயம் இருந்தால் அதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும்.

பிள்ளைக்கு என்ன தெரியும் என்று வீட்டில் சோதித்துப் பார்க்க நினைப்பவர்கள் தயவுசெய்து 5-ம் வகுப்புப் புத்தகத்தை எடுக்காதீர்கள். நடக்காத வகுப்பில் கேள்வி கேட்டால், தெரியாது என்றுதான் பதில் வரும். பிள்ளைக்கு அவமானம், உங்களுக்குக் கோபம். 4-ம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். நேற்று நடந்ததை 5 வரி எழுதச் சொல்லுங்கள். இரண்டு கழித்தல், ஒரு வகுத்தல். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தினமும் கொஞ்சம் சொல்லிக்கொடுக்கலாம். கல்வித் தொலைக்காட்சியில் 6-ம் வகுப்புப் பாடம் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும், பிள்ளை எந்த இடத்தில் கண்ணை வேறு பக்கம் திருப்புகிறது என்று தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கில் பணம் கட்டி ஆப் வாங்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் பல வீடுகளில் பார்க்கிறேன். பள்ளி மாறும்போதே தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கும் மாற்றிவிடலாம் என்ற ஆசை. அரசுப் பள்ளிகள் பலவற்றில் 6-ம் வகுப்பில் ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறது. மாற்றவே கூடாது என்று சொல்ல நான் யார்? ஆனால், ஒரு வருடப் பாடம் விட்டுப்போய், கட்டடம் மாறி, நண்பர்கள் மாறி, கூடவே கணக்கும் அறிவியலும் வேறு மொழியில் என்றால் ஒரு 11 வயதுப் பிள்ளை எத்தனையைத்தான் தாங்கும்? வகுப்பில் டீச்சர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் வசதியும் இப்போதைக்கு இல்லை. என்னைக் கேட்டால் இந்த வருடம் வேண்டாம்.

தனியார் பள்ளியில் கட்டணம் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்கு வரும் குடும்பங்கள் இந்த வருடம் நிறைய. பாக்கியைக் காட்டி டி.சி தர மறுக்கிறார்கள் என்ற புகாரும் வருகிறது. 2009-ம் ஆண்டின் இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாற்றம் கேட்டால், பழைய பள்ளி உடனே டி.சி தர வேண்டும். டி.சி வரத் தாமதம் என்பதற்காகப் புதுப் பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. இது 8-ம் வகுப்பு வரை பொருந்தும். டி.சி இல்லாமலேயே போய் ஹெச்.எம்-மைப் பாருங்கள்.

சேர்க்கப் போகும் நாளில் முகக்கவசம் போட்டுப் பிள்ளையையும் அழைத்துப் போங்கள். வகுப்பு எந்தப் பக்கம், கழிப்பறை எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே, பஸ் என்றால் எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்று ஒருமுறை சுற்றிக் காட்டிவிடலாம். பழைய பள்ளியிலிருந்து அதே பள்ளிக்கு வேறு யார் வருகிறார்கள் என்று விசாரித்து, இரண்டு பேரையாவது போனில் பேச விடுங்கள்.

போன் என்றதும் ஞாபகம் வருகிறது. சித்தப்பா வேலைக்குப் போகும்போது போனையும் எடுத்துப் போய்விடுவார், இரவு 8 மணிக்குத்தான் வீட்டுக்கு வரும். காலை 10 மணிக்கு வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் போட்டுவிட்டு, இவளிடமிருந்து பதிலே இல்லை என்று புது டீச்சர் நினைத்துக்கொள்வார். உங்கள் வீட்டில் போன் எத்தனை மணிக்குப் பிள்ளையின் கைக்கு வரும் என்பதையும் அந்தத் தாளின் கடைசியில் எழுதிவிடுங்கள்.